கல்லூரி முதலாண்டில் இலக்கியம் படிப்பதும் கட்டுரை எழுதுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளங்கலைத் தமிழ் முதலாண்டில் சேர்ந்தவர்களும், வேறு துறையில் படித்தாலும் பகுதி-1 தமிழுக்காகக் கட்டுரை எழுத வேண்டியிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பொதுவான அறிவுரைகள் யாருக்கும் பயன்படுவதில்லை என்பதால், பெரும்பாலும் ஒரே பாட்டை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம். பாட்டு குறுந்தொகை 25, பாடியவர் கபிலர்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

திருமணத்தைத் தள்ளிப்போடும் தலைவனைப் பற்றித் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? தினையின் தாள் போலச் சிறிய பசிய கால்களுடன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு என்ற நீர்ப்பறவை ஒன்றும் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் ‘நயம் பாராட்டுக’ வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். அதே முறையில் எழுதினால் கல்லூரியில் ஏன் குறைகிறது?

நயம் பாராட்டலில் தலைப்புகள் முன்பே தரப்பட்டுவிடுகின்றன: திரண்ட கருத்து, மோனை, எதுகை, அணி, சுவை. நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பொறுக்கி வைக்கிறீர்கள். அதில் பாட்டு நன்றாக இருக்கிறது என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். கல்லூரிக் கட்டுரை கேட்பது வேறு. இந்தப் பாட்டு எதைச் செய்கிறது, எந்தச் சொல்லால் செய்கிறது என்று நீங்களே ஒன்றைச் சொல்லி நிறுவ வேண்டும்.

மேலே உள்ள பாட்டில் ‘தினைத்தாள் அன்ன’ என்பது உவமை அணி என்று எழுதினால் தவறில்லை. ஆனால் அதைப் படித்தவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடாது. சாட்சி இல்லையே என்று தவிக்கும் ஒருத்தி, ஒரு பறவையின் கால் எவ்வளவு மெலிந்தது, என்ன நிறம் என்பதை ஏன் நினைவில் வைத்திருக்கிறாள் என்று கேட்டால் அந்த உவமைக்கு வேலை வந்துவிடுகிறது. பள்ளியில் கற்ற அணியிலக்கணம் வீண் இல்லை. அது கட்டுரைக்குச் சான்று தரும், தலைப்பாக வந்து நிற்காது.

உரை எழுதுவதற்கும் திறனாய்வுக்கும் எங்கே கோடு?

உங்கள் பத்தியை எடுத்து, ‘பாட்டில் என்ன சொல்லப்படுகிறது’ என்ற கேள்விக்கு மட்டும் பதிலாக இருக்கும் வாக்கியங்களை அடித்துப் பாருங்கள். எல்லாமே போய்விட்டால் நீங்கள் எழுதியது உரை. ‘எப்படி’, ‘ஏன் இந்தச் சொல்’, ‘ஏன் இந்த இடத்தில்’ என்பவற்றுக்குப் பதில் சொல்லும் வாக்கியங்கள் மிஞ்சும், அவைதான் திறனாய்வு. ஐந்து அடிப் பாட்டுக்கு நான்கு வரிக்கு மேல் பொருள் எழுதத் தேவையில்லை. முதலாண்டுக் கட்டுரைகளில் பாதிப் பக்கம் இங்கேயே கரைந்துபோகிறது.

ஒரு பாட்டை எத்தனை முறை படிக்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் எதைப் பார்ப்பது?

குறைந்தது நான்கு முறை. ஒவ்வொரு முறையும் கையில் பென்சில் இருக்கட்டும்.

முதல் முறை உரையைப் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். புரியாத இடத்தில் நின்றுவிடாதீர்கள். அங்கே ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.

இரண்டாம் முறை சொல் பிரிப்பு. அச்சில் சீர் பிரித்திருப்பதும் சொல் பிரிவதும் ஒன்றல்ல. ‘தானது’ என்பது ‘தான் அது’. ‘யானெவன்’ என்பது ‘யான் எவன்’. ‘உண்டுதான்’ என்று ஒட்டி நிற்பதில் ‘தான்’ அடுத்து வரும் ‘மணந்த’ என்பதோடு சேர்கிறது. இதைப் பிரிக்காமல் படித்தவர்கள், ‘உண்டுதான்’ என்று இன்று நாம் அழுத்திச் சொல்வதுபோலப் பொருள் எழுதிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய சறுக்கல் ‘மணந்த’ என்ற சொல்லில். இங்கே அது ‘கூடிய’ என்று பொருள்படும். இன்றைய வழக்கில் எடுத்துக்கொண்டு ‘திருமணம் நடந்த அன்று குருகு இருந்தது’ என்று எழுதினால், நடக்காத திருமணத்தைப் பற்றிய பாட்டில் திருமணத்தை நடத்தி வைத்துவிடுவீர்கள். பிறகு வரும் மூன்று பக்கமும் வீண்.

மூன்றாம் முறை எண்ணுங்கள். சலிப்பான வேலையாகத் தோன்றும். கட்டுரைக்கான பொருள் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. இந்தப் பாட்டில் ‘தான்’ மூன்று முறை வருகிறது (தானே, தானது, தான் மணந்த). ‘யான்’ ஒரே முறை. ‘இல்லை’ முதல் அடியில், ‘உண்டு’ கடைசி அடியில். ஐந்து அடியில் இரண்டு முழு அடிகள் பறவையின் காலுக்கும் பார்வைக்கும் போய்விடுகின்றன. தலைவன் எப்படி இருந்தான் என்பதற்கு ‘கள்வன்’ என்ற ஒரு சொல்தான்.

நான்காம் முறை உரையோடு ஒப்பிடுங்கள். உரையாசிரியர் சொல்வதும் நீங்கள் குறித்ததும் மாறும் இடங்களில் கோடிடுங்கள். அந்த இடங்களிலிருந்து கட்டுரை பிறக்க வாய்ப்பு அதிகம்.

எந்தப் பதிப்பு? எந்த அகராதி?

குறுந்தொகைக்கு உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பும் உரையும் இன்னும் முதல் தேர்வு. அதில் ஒவ்வொரு பாட்டின் கீழும் பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என்று வரும். மாணவர்கள் பதவுரையோடு மூடிவிடுகிறார்கள். ‘ஒப்புமைப் பகுதி’யைப் பாருங்கள்: அதே சொல்லோ கருத்தோ வேறு நூல்களில் வரும் இடங்களை அவர் தொகுத்துக் கொடுத்திருப்பார். ‘இது இந்தப் பாட்டில் மட்டும் இருக்கும் புதுமை’ என்று எழுதுவதற்கு முன் அதைப் பார்த்திருந்தால் பல கட்டுரைகள் தப்பித்திருக்கும்.

இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் மூலமும் உரையும் கிடைக்கின்றன. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தில் மூலங்கள் கிடைக்கும். தட்டச்சுப் பிழை எங்கும் இருக்கலாம். மேற்கோளாகத் தரப்போகும் அடிகளை மட்டுமாவது அச்சு நூலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936, பிறகு இணைப்புத் தொகுதி). க்ரியா அகராதி அருமையானது, ஆனால் அது தற்காலத் தமிழுக்கு. பேரகராதியிலும் முதலில் கிடைக்கும் பொருளை அப்படியே எடுக்கக் கூடாது. ‘கள்வன்’ நண்டையும் குறிக்கும். ஐங்குறுநூற்றில் நண்டைப் பற்றிய ‘கள்வன் பத்து’ என்றே ஒரு பகுதி உண்டு. நம் பாட்டில் எந்தப் பொருள் என்பதை வாக்கிய அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

திணை, துறை, கூற்று, முதல், கரு, உரி எல்லாம் எழுதிவிட்டேன். அது திறனாய்வு இல்லையா?

அது அடையாளம் காண்பது. தேவைதான், ஆனால் மூன்று நான்கு வரிகளில் முடிய வேண்டும். பட்டியலில் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருப்பதைக் கவனிக்கும்போதுதான் பட்டியலால் பயன். இந்தப் பாட்டு குறிஞ்சி. தினை குறிஞ்சிக்கு உரிய உணவு. ஆனால் மீனுக்காகக் காத்திருக்கும் நீர்ப்பறவை மலைக்கு மட்டும் உரியதல்ல. வேறு நிலத்துப் பூவும் பறவையும் ஒரு திணையில் வரலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. எனவே ‘கபிலர் விதியை மீறினார்’ என்று எழுத முடியாது. ஆனால் அந்தப் பறவையின் காலுக்கு உவமையாகத் தினைத்தாளைக் கொண்டுவந்து அதை மலையோடு பிணைத்திருக்கிறார் என்று எழுதலாம். இது உங்கள் கவனிப்பு. எந்தக் கைடிலும் அச்சாகியிருக்க வேண்டிய அவசியமில்லை.

இன்னொன்று. பாட்டுக்குக் கீழே இருக்கும் கூற்றுக் குறிப்பு பாட்டின் பகுதியல்ல. ‘திருமணத்தைத் தள்ளிப்போடும்போது தலைவி தோழிக்குச் சொன்னது’ என்பதைப் பாட்டின் எந்த அடியும் நேராகச் சொல்லவில்லை. குறிப்பை ஏற்றுக்கொண்டு எழுதுங்கள், ஆனால் பாட்டில் இருப்பதையும் குறிப்பில் இருப்பதையும் கலந்துவிடாதீர்கள்.

கட்டுரைக்கு ஒரு ‘வாதம்’ வேண்டும் என்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணி வைத்த குறிப்புகளில் ஒன்றோடொன்று உரசும் இரண்டை எடுங்கள். இங்கே: முதல் அடி ‘யாரும் இல்லை’ என்கிறது, கடைசி அடி ‘உண்டு’ என்கிறது. அப்படியானால் சாட்சி இருந்ததா, இல்லையா? அந்த உரசலுக்கு நீங்கள் தரும் விடைதான் வாதம்.

வலுவற்றது: ‘இப்பாடல் தலைவியின் துயரத்தை அழகாக வெளிப்படுத்துகிறது.’ இதை யாரும் மறுக்க மாட்டார்கள். அதுதான் குறை.

வலுவானது: ‘சாட்சியே இல்லை என்று தொடங்கும் தலைவி இறுதியில் ஒரு சாட்சியைக் காட்டுகிறாள், அதன் கண் மீன்மேல் இருந்ததால், அவள் முதலில் சொன்னது இன்னும் கடுமையாக உறுதிப்படுகிறது.’ இதை ஒருவர் மறுக்கலாம். மீனுக்காக அசையாமல் காத்திருந்த குருகு தலைவனுக்கே உள்ளுறை (இயற்கைக் காட்சிக்குள் மறைத்துச் சொல்லும் உவமை), எனவே அது சாட்சியல்ல, குற்றவாளியின் நிழல் என்று வாதிடலாம். நல்ல மறுப்பு. அதை ஒரு பத்தியில் எடுத்துப் பேசுங்கள். ‘குருகும்’ என்பதில் உள்ள ‘உம்’ குருகைக் கள்வனுக்கு வேறான இன்னொன்றாக எண்ணுகிறது என்று பதில் சொல்லலாம். அல்லது இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன என்று உங்கள் வாதத்தைத் திருத்திக்கொள்ளலாம். எதிர்ப்பக்கமே இல்லாத வாதத்தை நான்கு பக்கத்துக்கு இழுக்க முடியாது. மூன்றாம் பத்தியில் சொன்னதையே சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

ஒரு பத்தியை எப்படி அமைப்பது?

ஒரு பத்திக்கு ஒரு கருத்து. 100 முதல் 150 சொற்கள் வரை. மாதிரியாக, அதைவிடச் சிறியது ஒன்று:

‘சாட்சியைத் தேடும் தலைவி, இருந்தவர்களைக் கணக்கெடுப்பதுபோலப் பேசுகிறாள். “யாரும் இல்லை” என்று எல்லாரையும் விலக்குகிறாள். “தானே கள்வன்” என்று ஒருவனை மட்டும் நிறுத்துகிறாள். கடைசி அடியில் “குருகும் உண்டு” என்று ஓர் உயிரைச் சேர்க்கிறாள். “குருகு உண்டு” என்றிருந்தால் அது இடத்தின் வருணனையாக நின்றிருக்கும். “உம்” வந்ததால் பறவை கள்வனுக்கு அடுத்ததாக எண்ணப்படுகிறது. ஆனால் அதன் அடைமொழி “ஆரல் பார்க்கும்” என்பது. பார்வை இருக்கிறது, பார்க்கப்பட்டது மீன். கணக்கில் ஒரு சாட்சி கூடியும், தலைவியின் பக்கம் பேச ஆள் கூடவில்லை.’

முதல் வாக்கியம் கருத்தைச் சொல்கிறது. பாட்டிலிருந்து எடுத்த மேற்கோள்கள் நான்கும் இரண்டு சொல் அளவில் வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு சோதனை: ஓர் இடைச்சொல்லை நீக்கிப் பார்த்து, என்ன மாறுகிறது என்று காட்டுவது. தமிழில் இந்தச் சோதனை மிக நன்றாக வேலை செய்யும். உம், ஏ, ஓ போன்ற இடைச்சொற்கள் ஒவ்வொன்றிலும் செய்து பாருங்கள். கடைசி வாக்கியம் வாதத்தோடு முடிச்சுப் போடுகிறது. ‘இதிலிருந்து கபிலரின் புலமை விளங்கும்’ என்ற வாக்கியம் எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

யாப்பைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், விதி தெரிந்திருந்தால். நான்காம் அடியில் மூன்று சீர்தான் இருக்கிறது. ‘தலைவியின் மூச்சு திணறுவதால் அடி குறைந்தது’ என்று எழுதத் தோன்றும். இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராக வருவது விதி. குறுந்தொகை முழுக்க அப்படித்தான். புலவர் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்கு நோக்கம் கற்பிக்கக் கூடாது. அந்த அடியில் எந்தச் சொற்களை வைத்தார் என்பது அவர் தேர்வு. அதைப் பற்றிப் பேசுங்கள்.

முன்னுரையில் என்ன எழுதுவது? சங்க இலக்கியத்தின் சிறப்பிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் முன்னுரை எந்தப் பாட்டுக்கும் உதவாது. 1,200 சொல் கட்டுரையில் முன்னுரைக்கு 120 சொற்கள் போதும்: எந்தப் பாட்டு, யார் யாரிடம் பேசுவது, எந்த உரசல் கண்ணில் பட்டது, உங்கள் வாதம் என்ன. இதைக் கடைசியில் எழுதுவது நல்லது. கட்டுரையை எழுதி முடிக்கும்போது வாதம் தொடக்கத்தில் இருந்த இடத்தில் இருப்பதில்லை. முடிவுரை 80 சொற்கள். சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், வாதத்தால் வேறு என்ன தெரிகிறது என்று ஓரடி நகருங்கள்.

இரண்டு பாட்டுகளை ஒப்பிடச் சொன்னால்?

முதலில் அது, பிறகு இது, கடைசியில் ‘ஒற்றுமை வேற்றுமை’ என்று எழுதினால் இரண்டு அரைக் கட்டுரைகள்தான் கிடைக்கும். ஒரே கேள்வியை இரண்டிடமும் கேளுங்கள். உதாரணமாக, தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3 (‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’) இதே குறிஞ்சி; பேசுவதும் தலைவிதான். ‘இயற்கை வாக்கியத்தில் எங்கே நிற்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். அங்கே குறிஞ்சிப் பூவும் பெருந்தேனும் தலைவனுக்கு அடைமொழியாகி ‘நாடன்’ என்பதில் போய் முடிகின்றன. இயற்கை அவனுடைய நாடு. இங்கே குருகு யாருக்கும் அடைமொழியாகவில்லை, அது தனியாக நிற்கிறது. நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் உள்ள தூரம் இந்த வாக்கிய அமைப்பிலேயே தெரிகிறது. இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் நான்கைந்து பத்திகள் தாமாக வரும்.

சிறுகதைக்கும் இதே முறையா?

அடிப்படை அதுவே. ஆனால் கதையில் ஒவ்வொரு சொல்லையும் எண்ண முடியாது. மூன்றைக் கவனியுங்கள்: யார் சொல்கிறார்கள், யாருடைய கண் வழியாகத் தெரிகிறது, எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு இடம் தரப்பட்டிருக்கிறது. ஆண்டுகள் ஒரு வரியில் கடந்துபோய், ஒரு நிமிடம் ஒரு பக்கம் ஓடினால் அங்கே நில்லுங்கள். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையைக் கட்டுரைக்கு எடுத்தால், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள் என்ற முடிவை மட்டும் வைத்துப் ‘பெண்ணியக் கதை’ என்று முத்திரை குத்துவது எளிது. தலைப்பில் சாபம் நீங்குகிறது, முடிவில் கல் திரும்பி வருகிறது; இடையில் எந்தெந்த இடங்களில் அவள் ஏற்கெனவே கல்லாகத் தொடங்கிவிட்டாள் என்று பக்க எண்ணோடு காட்டுங்கள். கோட்பாட்டுப் பெயர்களை அதன் பிறகு சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம்.

மேற்கோளும் அடிக்குறிப்பும் எப்படி?

செய்யுளுக்கு நூற்சுருக்கம், பாட்டெண், அடியெண்: (குறுந். 25:3–4). மூன்று அடிக்கு மேல் போனால் தனியாக உள்ளே தள்ளி எழுதுங்கள். பழைய எழுத்து முறையை உங்கள் விருப்பப்படி மாற்றாதீர்கள். துணைநூற்பட்டியலில் பெயர் முதலில், தலைப்பெழுத்து பிறகு: சாமிநாதையர், உ.வே. (ப.ஆ.). ‘ப.ஆ.’ என்பது பதிப்பாசிரியர். எந்தப் பதிப்பைக் கையில் வைத்துப் படித்தீர்களோ அதன் ஆண்டைத் தாருங்கள். மறுபதிப்பைப் படித்துவிட்டு 1937 என்று போட்டால் பக்க எண் பொருந்தாது. உரையாசிரியரின் விளக்கத்தைச் சொல் மாற்றி எழுதினாலும் அவர் பெயர் வர வேண்டும். இங்கேதான் பலர் தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள்.

கைடு, இணையக் கட்டுரை, செயற்கை நுண்ணறிவு?

கைடில் பொருள் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே கைடை வகுப்பில் எல்லாரும் வாங்குகிறார்கள், திருத்துபவரும் படித்திருப்பார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சங்க இலக்கியத்தில் தரும் பாட்டெண்ணையும் புலவர் பெயரையும் அப்படியே நம்பாதீர்கள். இல்லாத அடியைக் கூடச் சரளமாக எழுதித் தரும். அச்சு நூலில் கண்ணால் பார்க்காத எதையும் மேற்கோளாகத் தர வேண்டாம்.

தேர்வு அறையில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

பருவத்தேர்வு 75 மதிப்பெண், மூன்று மணி நேரம் என்றால் மதிப்பெண்ணுக்குச் சுமார் இரண்டரை நிமிடம். பத்து மதிப்பெண் வினாவுக்கு 24 நிமிடம். நான்கு நிமிடம் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் திட்டம்: வாதம் ஒரு வரி, சான்று மூன்று. பதினேழு நிமிடம் எழுத்து. மூன்று நிமிடம் சரிபார்ப்பு. முழுப் பாட்டையும் மனப்பாடமாக எழுதி இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள்; வினா கேட்டால் ஒழிய அதற்குத் தனி மதிப்பெண் இல்லை. வினாவில் ‘விளக்குக’ என்றிருக்கிறதா, ‘ஆராய்க’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். முதலதற்குப் பொருள் சற்று விரிவாகவே வரலாம்.

‘நான்’ என்று எழுதலாமா? நடை எப்படி இருக்க வேண்டும்?

‘நான் கருதுகிறேன்’ தேவையில்லை. பாட்டின் சொல்லே பேசட்டும். அதற்காக ‘ஆய்வாளர் கருதுகிறார்’ என்று உங்களையே படர்க்கையில் எழுதுவதும் வேண்டாம். ‘ஈடு இணையற்ற’, ‘தேனினும் இனிய’ போன்ற அடைமொழிகளை நீக்கிப் படியுங்கள். வாக்கியம் நின்றால் அவை தேவையில்லை, விழுந்தால் அந்த வாக்கியத்தில் முதலிலிருந்தே எதுவும் இல்லை.

கொடுப்பதற்கு முன் கடைசியாக எதைப் பார்ப்பது?

ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதிப் படியுங்கள். அவை ஒன்றையொன்று தொடர்ந்து வாதமாக ஓட வேண்டும். இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றினாலும் எதுவும் கெடவில்லை என்றால் அங்கே தொடர்ச்சி இல்லை; பெரும்பாலும் அந்த இரண்டு பத்தியும் ஒரே கருத்துதான், சேர்த்துவிடலாம். பிறகு பாட்டெண், அடியெண், புலவர் பெயர். கடைசியாக ஒற்றுப்பிழை: இரண்டாம் வேற்றுமை ‘ஐ’, நான்காம் வேற்றுமை ‘கு’ வெளிப்படையாக வந்த இடங்களில் அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும் (தலைவியைப் பற்றி, தோழிக்குச் சொன்னது). முதலாண்டுக் கட்டுரைகளில் சிவப்பு மை விழும் இடங்களில் பாதி இந்த இரண்டு உருபுகளுக்குப் பின்னால்தான்.